மழைக்காட்டை வெட்டிவிட்டு அதே அளவு மரம் நட்டால் ஈடாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலைக்காரர் நீங்கள். போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போயிருக்கிறீர்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. மழைக்காடுகள்தான் உலகத்தின் நுரையீரல், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அமேசானிலிருந்து வருகிறது என்று எங்கோ படித்தது அங்கே நினைவுக்கு வந்திருக்கிறது. தேயிலையும் பச்சைதானே, அதுவும் ஆக்சிஜன் விடாதா, காடு போனாலும் அதே எண்ணிக்கையில் வேறு இடத்தில் மரம் நட்டுவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கிறீர்கள். நண்பர்களோடு சேர்ந்து 500 கன்று நடப்போவதாகவும், அதை மலையில் நடலாமா ஊரில் நடலாமா என்றும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. கேள்வி ஆக்சிஜனில் ஆரம்பித்தாலும், மழைக்காடு செய்கிற வேலையை வேறொரு பச்சை செய்துவிடுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சில வேலைகளைச் செய்யும், சிலவற்றை அரைகுறையாகச் செய்யும், சிலவற்றைச் செய்யவே செய்யாது.

நான் தாவரவியல் படித்தவன். 15 ஆண்டுகளுக்கு மேலாக ஆனைமலையில், சோலை என்று நாங்கள் சொல்லும் மழைக்காட்டின் சிதைந்துபோன துண்டுகளில் அந்தந்த இடத்து மரங்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் நாற்றங்காலிலேயே போனது. மரம், விதை, மண் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. மழை, வளிமண்டலம் பற்றிச் சொல்வது அந்தத் துறைக்காரர்கள் எழுதியதைப் படித்து அறிந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆக்சிஜன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த 20 சதவீதக் கணக்கு தவறு. அமேசான் காடு ஏராளமாக ஆக்சிஜன் வெளியிடுகிறது, உண்மைதான். ஆனால் அதே மரங்கள் சுவாசிப்பதிலும், உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் மட்குவதிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிடும். காற்றில் இன்று இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. நாளைக்கே எல்லா மழைக்காடும் போனாலும் நமக்கு மூச்சு முட்டாது. காட்டின் மேல் உள்ள அக்கறையில் தவறான காரணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அதை யாராவது உடைக்கிற அன்று சரியான காரணங்களும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

கார்பன் கணக்கு வேறு மாதிரி. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அமேசான் காட்டின் மரங்களிலும் மண்ணிலும் சேர்ந்து 15,000 முதல் 20,000 கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் உலகம் ஓர் ஆண்டில் வெளியிடும் கார்பன் சுமார் 1,000 கோடி டன். அதாவது நாம் 15, 20 ஆண்டுகளில் எரித்துத் தள்ளும் அளவு அந்த ஒரு காட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு ஏற்கனவே கழன்று வருகிறது என்பதுதான் கவலை. 2010 முதல் 2018 வரை அமேசானின் மேல் விமானத்தில் பறந்து காற்று மாதிரி எடுத்து அளந்தார்கள். காடு அதிகம் அழிந்த தென்கிழக்குப் பகுதி, உள்ளே இழுக்கும் கார்பனைவிட அதிகமாக வெளியே விடுகிறது என்று 2021இல் முடிவு வெளியானது. அதே சமயம், வால்பாறையில் மிச்சமிருக்கும் சோலைகளைக் காப்பாற்றினால் உலக வெப்பம் குறையும் என்று நான் சொல்லமாட்டேன். பரப்பில் அவை மிகச் சிறியவை. அவற்றைக் காப்பாற்றுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் உங்கள் வயலுக்கே வருகிறது.

உங்கள் ஊருக்கு வரும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் கார் ஜன்னலில் பார்த்த அந்த மலைகளில்தான். மேல் நீராறில் தடுக்கப்படும் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம், அப்புறம் சம மட்டக் கால்வாய், திருமூர்த்தி அணை, கடைசியாக உங்கள் வாய்க்கால். மூன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களுக்கு முன் அது பெரும்பாலும் மழைக்காடு. வெட்டித் தோட்டம் போட்டது போக இன்று சில ஏக்கரிலிருந்து சில நூறு ஏக்கர் வரையிலான நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் தேயிலைக்கு நடுவே தீவு தீவாக நிற்கின்றன. உள்ளூரில் எல்லாரும் அவற்றைச் சோலை என்றுதான் சொல்வோம்.

இங்கேதான் பலர் மிகைப்படுத்திவிடுகிறார்கள். 'காடு இருந்தால்தான் மழை வரும்' என்பது ஆனைமலையைப் பொறுத்தவரை அப்படியே சரியல்ல. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி ஏறிக் குளிர்ந்து கொட்டுகிறது. மலை மொட்டையாக இருந்தாலும் வால்பாறைக்கு அருகே மழை மிகுந்த சின்னக்கல்லாரில் மழை கொட்டத்தான் செய்யும். இன்னொன்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காட்டை வெட்டிய மலையிலிருந்து ஆண்டு மொத்தக் கணக்கில் ஆற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் வரும் என்று உலகின் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். ஏனென்றால் மரங்களும் தண்ணீர் குடிக்கின்றன. காடு மாற்றுவது அந்தத் தண்ணீர் வருகிற விதத்தை. சோலைக்குள் ஜூலை மழையில் நின்று பாருங்கள். வெளியே சரம் சரமாகக் கொட்டும் மழை, நாலைந்து அடுக்கு இலைகளில் உடைந்து, அடிமரத்தில் வழிந்து, கணுக்கால் புதையும் சருகுக்குள் இறங்குகிறது. அடியில் மண் பொலபொலவென்று இருக்கும், விரலை விட்டால் உள்ளே போகும். வேர் மட்கிய துளைகள், புழு போட்ட வளைகள், கரையான் வழிகள் என்று தண்ணீர் இறங்க ஆயிரம் பாதை. பக்கத்திலேயே மனிதக் கால்கள் 100 ஆண்டுகளாக மிதித்து இறுகிய பாதையில் அதே மழை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும். அந்த மண் கடைசியில் போய்ச் சேருமிடம் அணையின் அடி. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரோ ஜனவரி, பிப்ரவரியிலும் ஓடைகளில் கசிந்துகொண்டிருக்கும். மண் எந்த அளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தக் கோடை ஓட்டத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். எல்லா மலைக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது.

எந்தப் பச்சை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீலகிரியில் நல்ல சான்று இருக்கிறது. கிளன்மார்கனில் 1970களில் தொடங்கி, அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றை இயற்கையான புல்வெளியாகவே விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்கு மேல் தைல மரம் நட்டார்கள். முதல் 10 ஆண்டுச் சுற்றில் தைல மரம் நின்ற பகுதியின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்து வந்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதம். அங்கே மரம் கூடியிருக்கிறது, பச்சை கூடியிருக்கிறது, தண்ணீர் குறைந்திருக்கிறது. புல்வெளி புல்வெளியாக இருப்பதுதான் அந்த மலைக்குச் சரி. 'மரம் நட்டாலே நல்லது' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு கிளன்மார்கன்தான் நினைவுக்கு வரும்.

காடு விடும் ஈரம் வேறோர் இடத்தில் மழையாகிறதா என்றால், அமேசானைப் பொறுத்தவரை இது உறுதி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தைக் காடு மழையாக வாங்கி, இலைவழியாகத் திரும்ப ஆவியாக்கி, மேற்கே தள்ளி மறுபடி மழையாக்குகிறது. பிரேசிலின் எனியாஸ் சலாட்டி 1970களில் மழைநீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து இதைக் காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலை விஷயத்தில், தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தென்மேற்குப் பருவ மழையின் ஈரத்தில் கணிசமான பங்கு இந்தக் காடுகள் ஆவியாக்கித் தருவது என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்தப் பங்கு கூடுகிறது என்பதும் அவர்கள் முடிவு. எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. இருந்தாலும் அது கணினியில் போட்ட மாதிரிக் கணக்கும் காற்றுப் பாதைக் கணக்கும் சேர்ந்த முடிவு, அமேசானில்போலப் பல பத்தாண்டுகளாக நேரடியாக அளந்து உறுதிப்பட்டதல்ல. காடுதான் கடல் காற்றையே உள்ளே இழுக்கிறது என்று இன்னொரு கோட்பாடும் சுற்றுகிறது. அதை வளிமண்டல அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை முடிந்த முடிவாக யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நிலச்சரிவிலும் இதே நிதானம் வேண்டும். சரிவில் மேல்மண் வழுக்கி இறங்குவதை வேர்கள் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அடித்துப்போன சரிவு வெள்ளரிமலையில் காட்டுக்குள்ளேதான் தொடங்கியது. அவ்வளவு மழை அவ்வளவு குறுகிய நேரத்தில் பெய்தால் வேர் எட்டாத ஆழத்தில் மலை உடைகிறது. காடு இருந்தால் சரிவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

இனி நான் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். மற்ற பச்சைகள் செய்யவே முடியாத வேலை இங்கேதான் நடக்கிறது. ஆனைமலையின் நடு உயரச் சோலைகளில் வெடிப்பலா என்று ஒரு மரம் உண்டு. துரியன் குடும்பம், காய் முழுக்க முள். பூ கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லி மட்டும்தான். மற்ற உணவு குறைந்திருக்கும் நாட்களில் அது பூப்பதால் சோலைமந்தி, கருமந்தி, மலை அணில், மரநாய், வௌவால் எல்லாம் அதைத் தேடி வருகின்றன. தின்னும்போதே மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சோலைமந்திக்கு வெடிப்பலா முக்கியமான உணவு.

குங்கிலிய மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமலைப் பழங்குடியினரான காடர் மக்கள் அதன் பிசினைச் சேகரிப்பார்கள், தணலில் போட்டால் சாம்பிராணிபோல மணக்கும். தளிர் விடும் நாளில் மரமே தீப்பிடித்ததுபோலச் சிவந்து நிற்கும். அதன் கொட்டை பெரியது, கல்போல் கெட்டி. அதை விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போட இருவாச்சி போன்ற பெரிய பறவை வேண்டும். இருவாச்சி முட்டையிட, உள்ளே பொந்து விழுந்த முதிய பெருமரம் வேண்டும். பெண் பறவை அந்தப் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், ஆண் பறவை ஒரு நாளைக்குப் பல முறை பழம் கொண்டுவந்து ஊட்டும். அதற்கு ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு அத்தியாவது பழுத்திருக்க வேண்டும். மரம் பறவையை நம்பியும், பறவை இன்னொரு மரத்தை நம்பியும் இருக்கிறது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அது நிழல் தரும், விறகு தரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் அதற்கு இடமில்லை.

மழைக்காடுகள் உலகின் நிலப்பரப்பில் 6, 7 சதவீதம்தான், ஆனால் நிலத்து உயிரினங்களில் பாதிக்கு மேல் அவற்றில் வாழ்கின்றன என்று சொல்வார்கள். முதல் எண் அளந்தது. இரண்டாவது மதிப்பீடு, ஏனென்றால் இன்னும் பெயரே வைக்காத உயிர்கள் அவ்வளவு இருக்கின்றன. நம் மலையிலேயே பாருங்கள். மண்ணுக்கடியில் வாழ்ந்து மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையை அறிவியல் விவரித்தது 2003இல்தான். அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே செஷல்ஸ் தீவுகளில். இரண்டு நிலமும் ஒன்றாக இருந்த காலத்து வம்சம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து அதே பேரினத்தில் இன்னொன்று 2017இல் வந்தது.

சரி, இனி நட்டு ஈடு செய்வது. கொஞ்சம் முடியும், இல்லையென்றால் நான் இந்த வேலையில் இத்தனை ஆண்டு இருந்திருக்கமாட்டேன். ஆனால் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த மரங்களில் பலவற்றின் விதையை நெல்லைப்போலக் காயவைத்து மூட்டை கட்ட முடியாது, காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய சில நாட்களுக்குள் நாற்றங்காலில் இருக்க வேண்டும். நாங்கள் காட்டுக்குள் கிடக்கும் விதையைத் தொடுவதில்லை. தார்ச்சாலையில் விழுந்து, எப்படியும் டயரில் நசுங்கப்போவதைத்தான் பொறுக்குகிறோம். சில இனங்கள் முளைக்கவே பல மாதம் எடுக்கும். ஒன்றிரண்டு ஆண்டு வளர்த்து, ஜூன் மழை பிடித்ததும் நடவு. அதற்கு முன் உண்ணிச்செடிப் புதரைக் கையாலேயே வெட்ட வேண்டும், ஏனென்றால் அதற்கடியில் தானாக முளைத்த சோலைக் கன்றுகள் ஒளிந்திருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் நிழலில் வளர வேண்டிய கன்றுகளை வெட்டவெளியில் நட்டு, கோடையில் அவை கருகியதைப் பார்த்தேன். இரண்டு வருட உழைப்பு மூன்றே மாதத்தில் போனது. அதற்கப்புறம்தான் வட்டக்கண்ணிபோல வெயில் தாங்கி வேகமாக வளர்கிறவற்றை முதலில் விட்டு, அவற்றின் நிழலில் மற்றவற்றைக் கொண்டுவரக் கற்றுக்கொண்டேன். ஓர் இடத்துக்குக் குறைந்தது ஐம்பது இனமாவது நடுகிறோம். அந்த மலையின் அந்த உயரத்தில் முன்பு எவை நின்றனவோ அவற்றை மட்டும்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக எழுந்த வெப்பமண்டலக் காடுகளை 77 இடங்களில் பார்த்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. மண் 10 ஆண்டுகளுக்குள் பெருமளவு தேறிவிடுகிறது. காட்டின் அமைப்பும் இனங்களின் எண்ணிக்கையும் தேற 25 முதல் 60 ஆண்டுகள். எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் என்ற அந்தப் பழைய கலவையும், மரங்களின் மொத்த எடையும் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேல். இதுகூட, விதை வந்து சேர அருகில் பழைய காடு இருந்தால். வால்பாறையின் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர்ச் சோலைகளை நான் பொன்னாக நினைப்பது இதனால்தான். அவை விதைக் களஞ்சியம். இருவாச்சி ஒரு பெரிய காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இறங்கும் படிக்கட்டு. அவை இருக்கும்வரை சுற்றியுள்ள நிலத்தை எப்போது விட்டாலும் காடு திரும்ப வாய்ப்பு உண்டு.

தோட்டங்களை நான் எதிரியாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அங்கே தலைமுறைகளாக உழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை அது. தேயிலையை எடுத்துவிட்டு முழுக்கக் காடாக்கு என்று நான் கேட்கவில்லை. சோலைத் துண்டுகளை மேலும் கரைக்காமல் இருப்பது, ஓடைக்கரைகளில் சில மீட்டரை இந்த மண்ணின் மரங்களுக்கு விடுவது, காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக்கை மட்டும் நடாமல் பழைய சோலை மரங்களையும் நிற்க விடுவது, இவற்றுக்கெல்லாம் ஒரு தோட்டத்தையும் மூட வேண்டியதில்லை. சாலையின் இரு பக்க மரங்களையும் இணைத்து மந்திகள் கடக்கக் கட்டிய தொங்கு பாலங்களை நீங்களே வால்பாறையில் பார்த்திருப்பீர்கள். வண்டியில் அடிபட்டுச் சாகாமல் குரங்குகள் அவற்றில் கடந்து போகின்றன.

கடைசியாக உங்கள் 500 கன்று. தயவுசெய்து மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நம் சமவெளி நர்சரியில் கிடைக்கும் எதுவும் சோலைக்குச் சொந்தமில்லை, புல்வெளியில் நட்டால் கெடுதல்தான் அதிகம். ஊரிலேயே நடுங்கள். வாய்க்கால் ஓரமாக ஈரம் இருந்தால் இலுப்பை, புங்கன். மேட்டு நிலமானால் வெள்வேல், உசிலை, வேம்பு, ஆச்சா. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு மாதிரி மேய்ச்சல் நிலமாக இருந்தால் நெருக்கி நடாதீர்கள், அங்கங்கே வெள்வேல் நின்றால் போதும், புல்லுக்கு வெயில் வேண்டும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் 100 போதும். நிலம் எப்படிப்பட்டது, மண் கரிசலா செம்மண்ணா என்று எழுதுங்கள், எந்தெந்த இனம் எத்தனை என்று பிரித்துச் சொல்கிறேன்.